வாசகர் கேள்வி – பதில்: கல்லூரிக்குப் புறப்படும் முன்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பள்ளி இறுதியாண்டு மாணவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் எழுதியவை. கல்லூரி முதலாண்டு வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள் என்ற முறையில், அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: பள்ளியில் எப்போதும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்துவிடுகிறேன். தேர்வுக்கு முந்தைய இரண்டு நாள்கள் உட்கார்ந்து படித்தாலே எனக்குப் போதும். கல்லூரியில் இந்தப் படிப்பு எடுபடாது என்று என் அக்கா சொல்கிறாள். அது உண்மையா? உண்மையென்றால் இப்போதிருந்தே எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

பதில்: உங்கள் அக்கா சொல்வது உண்மை. நீங்கள் திறமையானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அந்த இரண்டு நாள் படிப்பு போதுமானதாக இருந்ததற்கு உங்கள் திறமை மட்டும் காரணமில்லை. அதற்கு முன்பே உங்கள் ஆசிரியர் அந்தப் பாடத்தை வகுப்பில் நடத்தி, வீட்டுப்பாடம் கொடுத்து, சிறுதேர்வு வைத்து, விடைத்தாளைத் திருத்தி, பிழைகளைச் சுட்டிக்காட்டி, திருப்புதல் தேர்வும் வைத்து, நான்கைந்து முறை உங்களை அந்தப் பாடத்தின் வழியே அழைத்துச் சென்றிருப்பார். கல்லூரியில் பேராசிரியர் ஒருமுறை நடத்திவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். மற்ற நான்கு முறையும் அந்தப் பாடத்துக்குள் நீங்களாகத்தான் போய்வர வேண்டும். வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வெளியே இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்பது பல பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கும் கணக்கு. வாரத்துக்கு 15 மணி நேரம் வகுப்பு இருந்தால், வெளியே படிக்க வேண்டியது 30 மணி நேரம். கால அட்டவணையில் வெற்றிடமாகத் தெரியும் பொழுதெல்லாம் ஓய்வு நேரம் என்று நினைத்து முதல் பருவத்தை இழந்த மாணவர்களை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் பள்ளியில் முதலிடம் பெற்றவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மறதியைப் பற்றி ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, குறிப்பிட்ட இடைவெளிகளில் அவற்றை மறுபடியும் கற்க எவ்வளவு உழைப்பு தேவைப்படுகிறது என்று தம்மையே சோதித்துப் பார்த்தவர் அவர். ஒரு நாள் கழித்துப் பார்த்தபோது, முதலில் செலவிட்ட உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அவருக்கு மிச்சமாகியிருந்தது. 2006-இல் ஹென்ரி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்னும் இரு ஆய்வாளர்கள் செய்த சோதனை உங்களுக்கு இன்னும் நேரடியாகப் பொருந்தும். ஒரு பிரிவு மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு தடவை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரே தடவை படித்துவிட்டு, மற்ற மூன்று தடவையும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள்: அவர்களுக்கு 83 விழுக்காடு நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழாகியது. படித்தவர்களிடம் 40 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்களிடம் 61 விழுக்காடும் எஞ்சியிருந்தன. தேர்வுக்கு முந்தைய நாள் படித்து மறுநாள் எழுதும் உங்களுக்கு முதல் முடிவு மட்டுமே கண்ணில் பட்டிருக்கிறது. சென்ற பருவத்தில் படித்ததன் மேல்தான் இந்தப் பருவத்துப் பாடம் நிற்கும் கல்லூரியில் இரண்டாவது முடிவோடுதான் நீங்கள் காலம் தள்ள வேண்டியிருக்கும்.

ஆகவே, இன்றிலிருந்து ஒரே ஒரு பாடத்தில் இதைத் தொடங்குங்கள். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் நூலையும் குறிப்பேட்டையும் மூடி வைத்துவிட்டு, கோடு போடாத வெள்ளைத்தாள் ஒன்றில் அன்று நடந்ததை நினைவிலிருந்து பென்சிலால் எழுதுங்கள். நான்கு வரியிலேயே கை நின்றுவிடும்; அதற்காக மனம் தளர வேண்டாம். பிறகு நூலைத் திறந்து, விட்டுப்போனவற்றை வேறு நிறத்தில் சேர்த்து எழுதுங்கள். அந்த வேறு நிறம் எங்கே இருக்கிறதோ அதுதான் நீங்கள் அடுத்து படிக்க வேண்டிய இடம். மூன்று நாள் கழித்து அதே பாடத்துக்குப் புதிய தாள் எடுங்கள். கோடிடும் பேனாவால் பக்கத்தை மஞ்சளாக்குவதைவிட இந்த ஒரு தாள் பல மடங்கு பயன்தரும் என்பதை என் மாணவர்களிடம் கண்கூடாகக் கண்டிருக்கிறேன்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். ஒரு வேலையைத் தொடங்கும் முன் அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று ஓரத்தில் குறித்துவிட்டு, முடிந்தபின் எவ்வளவு ஆனது என்று பக்கத்தில் எழுதுங்கள். பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டு 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் சராசரியாகச் சொன்னது 34 நாள்கள். எல்லாமே தடங்கலானால் எவ்வளவு என்று கேட்டதற்கு 49 நாள்கள். உண்மையில் ஆனதோ 55 நாள்களுக்கும் மேல். மனிதர்கள் எல்லாருக்குமே இந்தக் கணக்குப் பிசகும். உங்களுக்கு எவ்வளவு பிசகுகிறது என்பதைக் கல்லூரிக்குப் போகும் முன்பே தெரிந்துவைத்துக்கொண்டால், கட்டுரை ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவு கண்விழிக்க வேண்டிய நிலை பெரும்பாலும் வராது.

கேள்வி: நான் அதிகம் பேசாதவன். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்கு இரண்டே நண்பர்கள். இருவரும் வேறு கல்லூரிகளுக்குப் போகிறார்கள். புதிய இடத்தில் எல்லாரும் முதல் வாரத்திலேயே கூட்டம் சேர்ந்துவிடுவார்கள், நான் மட்டும் தனித்து நிற்பேன் என்ற பயம் இரவில் தூங்கவிடாமல் செய்கிறது.

பதில்: தம்பி, முதல் வாரத்தில் சேரும் கூட்டத்தை நட்பு என்று எண்ணிவிடாதீர்கள். தனியாகச் சாப்பிட நேருமோ என்ற பயத்தில் ஒருவரை ஒருவர் பற்றிக்கொள்ளும் காலம் அது. இரண்டாவது மாதத்தில் அந்தக் கூட்டங்களில் பாதி கலைந்து வேறுவிதமாகச் சேர்ந்திருக்கும். அறிமுகமான இருவர் ஓரளவு நண்பர்களாவதற்குச் சேர்ந்து கழிக்கும் நேரம் ஏறத்தாழ 50 மணி, நண்பர் என்று உறுதியாகச் சொல்ல 90 மணி, நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல் ஆகிறது என்று ஜெஃப்ரி ஹால் என்னும் ஆய்வாளர் 2018-இல் கணக்கிட்டார். அவர் ஆராய்ந்தவர்களில் கல்லூரி முதலாண்டு மாணவர்களும் இருந்தார்கள். பள்ளியில் உங்கள் இரு நண்பர்களோடு அந்த நேரம் எண்ணாமலே சேர்ந்துவிட்டது. கல்லூரியில் அது தானாகச் சேராது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த நேரமும், சேர்ந்து வேலை செய்த நேரமும் அந்தக் கணக்கில் பெரிய மாற்றம் செய்வதில்லை என்பதையும் அவர் கண்டார். வேலையில்லாத பொழுதில் ஒன்றாக இருப்பதுதான் நெருக்கத்தை வளர்க்கிறது.

அதிகம் பேசாதவருக்கு இதில் ஆறுதலான செய்தி ஒன்று இருக்கிறது: நட்புக்குப் பேச்சுத்திறனைவிடத் திரும்பத் திரும்பச் சந்திப்பதே முக்கியம். வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே ஆள்கள் கூடும் ஏதாவது ஒன்றில் சேருங்கள். விளையாட்டோ, இசையோ, நூலக வேலையோ, தொண்டோ, எதுவானாலும் சரி. கைக்கு வேலை இருக்கும் இடத்தில் வாய்க்கு அவ்வளவு வேலை இருக்காது. நான்கு வாரம் விடாமல் போய்விட்டால் ஐந்தாவது வாரம் நீங்கள் வரவில்லையே என்று ஒருவராவது கேட்பார். இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். புதிதாகப் பேசிப் பிரிந்தவர்கள் அடுத்தவருக்குத் தம்மை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2018-இல் எரிகா பூத்பி முதலானோர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரே இடத்தில் சேர்ந்து தங்கிய முதலாண்டு மாணவர்களிடம் இந்தத் தவறான மதிப்பீடு மாதக்கணக்கில் நீடித்தது. பேசிவிட்டு அறைக்குத் திரும்பும்போது ‘உளறிவிட்டோமே’ என்று உங்களுக்குத் தோன்றும் அதே நேரத்தில் எதிரில் இருந்தவரும் தம்மைப் பற்றி அப்படியேதான் நினைத்துக்கொண்டு போயிருப்பார்.

பழைய நண்பர்கள் இருவரையும் விட்டுவிட வேண்டாம். அவர்களோடு பேச வாரத்தில் ஒருநாளைக் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் இரவெல்லாம் அவர்களோடே பேசிக்கொண்டிருந்தால் மட்டும் பக்கத்து அறைக்காரரின் பெயர்கூட உங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

கேள்வி: என் மகள் அடுத்த ஆண்டு விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாள். காலையில் நான் எழுப்பினால்தான் எழுவாள். துணி துவைத்ததில்லை, வங்கிக்குப் போனதில்லை, மருத்துவரிடம்கூட அவளுக்காக நான்தான் பேசுவேன். படிப்பு கெட்டுவிடக் கூடாதே என்று எல்லாவற்றையும் நானே செய்துவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் அன்பினால் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். இன்னும் ஓராண்டு கையில் இருக்கிறது. அது நிறைய நாள். எல்லாவற்றையும் ஒரே நாளில் அவள் தலையில் கட்டினால் இருவருக்கும் மனத்தாங்கல்தான் மிஞ்சும். மாதத்துக்கு ஒன்றாகக் கைமாற்றுங்கள். முதல் மாதம் எழுந்திருப்பது: அலாரம் அவளுடையது, தாமதமானால் பள்ளியில் கேட்கும் கேள்விக்குப் பதிலும் அவளுடையது. நீங்கள் கதவருகே போய் நின்றுகொண்டு கையைப் பிசைவீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த அரை மணி நேரம் வேறு அறையில் இருங்கள். இரண்டாம் மாதம் துணி. மூன்றாம் மாதத்திலிருந்து அவளுடைய செலவுக்கான தொகையை மாதத் தொடக்கத்தில் மொத்தமாக அவள் கையில் கொடுத்துவிடுங்கள். 20-ஆம் தேதியே தீர்ந்துவிட்டால், மீதிப் பத்து நாளை அவள் சமாளிக்கட்டும். வீட்டில் இருக்கும்போது அந்தப் பத்து நாளால் எந்தத் தீங்கும் நேராது.

மருத்துவரிடம் பேசுவதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். அடுத்த முறை போகும்போது கூடப் போங்கள், ஆனால் பேசாதீர்கள். எப்போது தொடங்கியது, எங்கே வலிக்கிறது, எந்த மருந்து அவளுக்கு ஒவ்வாது, முன்பு என்னென்ன தடுப்பூசிகள் போட்டிருக்கிறது என்பதை அவள் வாயால் சொல்லட்டும். இவற்றை ஒரு தாளில் எழுதி அவளே வைத்துக்கொள்ளவும் செய்யுங்கள். விடுதியில் நள்ளிரவில் காய்ச்சல் வந்தால் அந்தத் தாள் அவளுக்குக் கைகொடுக்கும்.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். 14 முதல் 17 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும், 18 முதல் 25 வயது வரை 7 முதல் 9 மணி நேரமும் தூங்க வேண்டும் என்பது தூக்க ஆய்வாளர்கள் 2015-இல் வகுத்த பரிந்துரை. பதின்ம வயதில் உடலின் கடிகாரமே பின்னோக்கி நகர்வதால் இரவில் தூக்கம் தாமதமாக வருவதும் காலையில் எழச் சிரமப்படுவதும் இயல்பு. அதை முழுக்கச் சோம்பல் என்று கொள்ளாதீர்கள். விளக்கணைக்கும் நேரத்தையும் கைப்பேசியைத் தள்ளி வைக்கும் நேரத்தையும் அவளே முடிவுசெய்து பழகினால், காலையில் எழுப்பும் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

அவள் போனபிறகு எத்தனை முறை தொலைபேசியில் அழைக்கலாம் என்பதை இப்போதே இருவரும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்யுங்கள். அவள் அழுதுகொண்டு பேசும் நாள் ஒன்று வரும். உடனே கிளம்பி வந்துவிடுகிறேன் என்று சொல்லத் தோன்றும்; அதற்கு முன்னால் ‘நீ என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய்?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பல நாள்களில் அவளிடமே பதில் இருக்கும். ஆனால் அவள் சாப்பிடாமல், தூங்காமல், வகுப்புக்கே போகாமல் நாள்கள் கடக்கின்றன என்று தெரிந்தால் தயங்காமல் நேரில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: கல்லூரி வகுப்பில் குறிப்பெடுக்க மடிக்கணினி நல்லதா, நோட்டுப் புத்தகம் நல்லதா?

பதில்: கையால் எழுதுவோருக்குக் கருத்து நன்றாகப் பதிகிறது என்று 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று மிகவும் புகழ்பெற்றது, பின்னர் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அவ்வளவு தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை. ஆகையால் கருவியைப் பற்றி நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். பேராசிரியர் சொல்வதை அப்படியே தட்டச்சு செய்வது தவறு. திரையில் வேறு எதையாவது திறந்து வைத்திருப்பது அதைவிடப் பெரிய தவறு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் உருவாக்கிய முறையை முயன்று பாருங்கள்: பக்கத்தின் இடப்புறம் அகலமான ஓரம் விட்டு, வலப்புறத்தில் குறிப்பெடுத்து, அன்று மாலையே இடப்புற ஓரத்தில் அந்தக் குறிப்புக்குரிய கேள்விகளை எழுத வேண்டும். பிறகு வலப்புறத்தை மறைத்துக்கொண்டு கேள்விகளுக்கு விடை சொல்லிப் பார்க்கலாம்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பெருமைதான். ஆனால் கிரெடிட், செமஸ்டர், இன்டர்னல் என்று எதைக் கேட்டாலும் அவர்களுக்குத் தெரியாது. மற்றவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், என் அறியாமை வெளிப்பட்டுவிடும் என்று கூசுகிறது. நான் அந்த இடத்துக்குத் தகுதியானவள்தானா?

பதில்: இந்தக் கடிதத்தைப் பலமுறை படித்தேன். சேர்க்கை கிடைத்தபோதே தகுதி முடிவாகிவிட்டது. அதைப் பற்றி இனி யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை, நீங்களும் உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டாம். கூச்சத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

என் முதலாண்டு வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். மாணவர்களைச் சந்திக்க நான் ஒதுக்கியிருந்த நேரத்தில் அவள் என் அறைக் கதவைத் தாண்டி நடந்துபோவதை இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் உள்ளே வந்து, உட்காராமலே, “எனக்கு எதுவுமே புரியவில்லை, அம்மா” என்றாள். நோட்டைக் காட்டச் சொன்னேன். முதல் இரண்டு பக்கம் அழகான கையெழுத்து. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி பாதியிலேயே நின்றிருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அந்த வரியில் நான் பயன்படுத்திய ஒரே ஒரு கலைச்சொல் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதை விளக்க எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. அந்த இரண்டு நிமிடத்துக்காக அவள் மூன்று வாரம் தவித்திருக்கிறாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பிலும் புதிய சொல் வரும்போது நிறுத்திக் கேட்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். எல்லா ஆசிரியரும் நிறுத்துவார்கள் என்று உங்களுக்கு என்னால் உறுதி தர முடியாது, எனவே நீங்கள் கேட்க வேண்டும்.

‘எதுவும் புரியவில்லை’ என்று போனால் கேட்பவருக்கும் எங்கே தொடங்குவதென்று தெரியாது. ‘இந்த வரிவரை புரிகிறது, இங்கிருந்து அடுத்ததற்கு எப்படிப் போனீர்கள் என்று புரியவில்லை’ என்று விரலை வைத்துக் காட்டுங்கள். அப்படிக் கேட்கும் மாணவரை அறிவற்றவர் என்று நினைக்கும் ஆசிரியரை நான் கண்டதில்லை. உண்மையில் அப்படிப்பட்ட மாணவர்களைத்தான் நாங்கள் நினைவில் வைத்திருக்கிறோம். பள்ளியிலேயே இதைப் பழகுங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது ஏதேனும் ஓர் ஆசிரியரிடம் ஒரு கேள்வியைக் குறிப்பாகக் கேட்டுவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தகுதியைப் பற்றிய ஐயம் உங்களுக்கு மட்டும் வருவதன்று. கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நடத்திய ஆய்வு 2011-இல் வெளியானது. ‘இது நமக்குரிய இடம்தானா என்ற கலக்கம் தொடக்கத்தில் எல்லாருக்கும் இருந்தது, நாளடைவில் அது குறைந்தது’ என்ற மூத்த மாணவர்களின் அனுபவங்களை முதலாண்டு மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். மொத்தமே ஒரு மணி நேர வேலை. அதைப் படித்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்று ஆண்டுகளில் படிப்படியாக உயர்ந்தன. ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தபோது, ‘நான் இங்கே வந்திருக்கவே கூடாது’ என்று ஒதுங்கிப் போகாமல், ‘இது எல்லாருக்கும் நேர்வது’ என்று எண்ணி மறுபடியும் முயல அந்த ஒரு மணி நேரம் துணைநின்றது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

நீங்கள் குறிப்பிட்ட சொற்களைப் பொறுத்தவரை, செமஸ்டர் என்பது கல்வியாண்டின் பாதி. கிரெடிட் என்பது ஒரு பாடத்துக்கு எவ்வளவு எடை என்று காட்டும் அலகு, பட்டம் பெற இத்தனை கிரெடிட் சேர்த்திருக்க வேண்டும் என்று விதி இருக்கும். இன்டர்னல் என்பது இறுதித்தேர்வு தவிர்த்து, பருவத்தின் நடுவில் வகுப்பாசிரியரே போடும் மதிப்பெண். இந்த மூன்றாவதைப் பலர் அலட்சியம் செய்து, இறுதியில் எட்டிப்பிடிக்க முடியாமல் திண்டாடுகிறார்கள். பாடம் தொடங்கும் நாளில் தரப்படும் பாடத்திட்டத் தாளில் எதற்கு எத்தனை மதிப்பெண், எது எந்தத் தேதியில் என்பது அச்சிட்டிருக்கும். உங்கள் பெற்றோருக்கு அந்தத் தாளைப் படித்துக் காட்டுங்கள். அவர்களால் அதற்கு விளக்கம் சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்குப் புரியும்படி நீங்கள் விளக்க முயலும்போது உங்களுக்கே எது புரியவில்லை என்று தெரிந்துவிடும்.

கேள்வி: அடுத்த வாரம் கல்லூரி திறக்கிறது. முதல் நாளுக்கு முன் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

பதில்: சான்றிதழ்கள் அனைத்தையும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். முடிந்தால் ஒருநாள் முன்னதாகவே போய், தங்கும் அறையிலிருந்து ஒவ்வொரு வகுப்பறைக்கும் கால அட்டவணைப்படி நடந்து பாருங்கள். நூலகம், மருத்துவ அறை, மாணவர் ஆலோசகரின் அறை, அலுவலகச் சாளரம் ஆகிய நான்கும் எங்கே இருக்கின்றன, எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்று கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவரின் பெயரைக் கேளுங்கள்; அறைக்குத் திரும்பியதும் அதை எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.